திறந்தால் பிளக்கும் உருவம்: மலையகப் பாடசாலை ஒன்றின் சிற்பக் கேற் பற்றிய நிகழ்வு ஆய்வு

நுவரெலியா மாவட்டத்தில், ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடைப்பட்ட தோட்டப் பாடசாலை ஒன்றின் முன்வாசலுக்கு 2023 இல் ஓர் இரும்புக் கேற் போடப்பட்டது. சிற்பமாகவே நினைத்து வரையப்பட்ட கேற் அது. 2024 பருவமழைக்குள் அதன் ஒரு கதவு கழன்று சாய்ந்து வாச்சரின் கால் பெருவிரலை முறித்தது. 2025 மார்ச்சில் அதே கலைஞரின் வடிவமைப்பில் வேறொரு கேற் அந்த இடத்தில் நின்றது. இடையில் நடந்ததை எழுதிவைக்கும்படி பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கேட்டது. நான் விபத்துக்குப் பிறகு கட்டடக் குழுவுக்கு அழைக்கப்பட்டவன். முதற்கட்டம் பற்றி இங்கே வருவதெல்லாம் கூட்டக் குறிப்புகளிலிருந்தும் பற்றுச்சீட்டுகளிலிருந்தும் சம்பந்தப்பட்டவர்கள் சொன்னதிலிருந்தும் எடுத்தவை. ஆட்களின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

பாடசாலை மலைச்சரிவில் இருக்கிறது. வீதியிலிருந்து ஏறிவரும் பாதை வாசலைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போகும். உள்ளே பத்தடி நடந்தால் நிலம் ஓரடிக்கு மேல் உயர்ந்துவிடும். முன்பிருந்த கதவு, தண்ணீர்க் குழாயில் சட்டம் அடித்துத் தகரம் தைத்தது. அழகென்று சொல்ல முடியாது. ஆனால் தரம் ஒன்றுப் பிள்ளையும் ஒற்றைக் கையால் தள்ளித் திறக்கும்.

மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டாவதை 2023 இல் பல இடங்களில் நினைவுகூர்ந்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனதும் அந்த ஆண்டுதான். அந்தச் சூட்டில் பழைய மாணவர் சங்கம் பணம் திரட்டியது. நூலகத்துக்குப் புத்தகம் வாங்கலாம் என்று சிலரும் குடிநீர்த் தாங்கி கட்டலாம் என்று சிலரும் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் எல்லாக் கண்ணும் காணும் இடம் வாசல் என்பதால் கேற் தீர்மானமானது.

கலைஞர் பக்கத்துத் தோட்டப் பிரிவில் பிறந்தவர், நுண்கலை படித்தவர். அம்மா கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவர். அந்த நேரம் அயல் தோட்டமொன்றின் மூடிக்கிடந்த தொழிற்சாலையின் இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. கொழுந்து உருட்டும் மேசையின் பித்தளைப் பட்டிகள், பற்சில்லுகள், வாட்டுத் தொட்டியின் கம்பிவலை ஆகியவற்றை அவர் கேட்டு வாங்கினார். அந்த ஆலையில் முன்பு வேலைபார்த்த முதியவர்கள் ஆலை இயந்திரங்களின் காவல்தெய்வமான ரோதைமுனிக்குத் தேங்காய் உடைத்த பிறகே மெஷினில் கைவைக்க விட்டார்களாம்.

முதல் வடிவமைப்பு

வாசல் அகலம் 12 அடி. இரண்டு கதவுகள், ஒவ்வொன்றும் 6 அடி அகலமும் 7 அடி உயரமும். நடுவில் கூடையோடு கொழுந்தெடுக்கும் பெண். அவளுடைய ஒரு பாதி இடக்கதவில், மறுபாதி வலக்கதவில். கூடை வாட்டுத் தொட்டிக் கம்பிவலையால் ஆனது. மூக்குத்தியும் தோடும் உருட்டுமேசைப் பித்தளை. காலடியிலிருந்து தேயிலை வேர்கள் இரண்டு கதவின் அடிவரைக்கும் பரவும், வேர்முடிச்சுகளுக்குப் பற்சில்லுகள். மற்றதெல்லாம் 4 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் வெட்டிச் சட்டத்தில் வெல்டிங் செய்து ஒட்டியவை.

படத்தை நானும் பார்த்திருக்கிறேன். அருமையான படம். குறிப்பாக வேர்கள். கையால் வரைந்த கோட்டின் உயிர் இரும்பிலும் இருந்தது. இந்தக் கலைஞருக்குக் கைத்திறன் போதவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

அவருக்கு முன்மாதிரியாக இருந்தது காலியில் லைட்ஹவுஸ் ஹோட்டலின் சுழல் படிக்கட்டு. 1630 இல் போர்த்துக்கேயருக்கும் கண்டி அரசுக்கும் நடந்த ரந்தெனிவெலப் போரைச் சிற்பி லக்கி சேனாநாயக்க உலோக உருவங்களாகச் செய்து, படிக்கட்டின் கைப்பிடியாகவே சுற்றவிட்டிருக்கிறார். கட்டடத்தின் ஓர் உறுப்பே சிற்பமாகலாம் என்பதற்கு இலங்கையில் அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் அது கூரைக்குக் கீழே இருக்கிறது, அசைவதில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் ‘நரக வாயில்’ உலகப் புகழ்பெற்ற சிற்பக் கதவு. 1880 இல் ஓர் அருங்காட்சியகத்துக்கென்று கேட்டுச் செய்யத் தொடங்கியது. அந்த அருங்காட்சியகம் கட்டப்படவேயில்லை. கதவும் இன்றுவரை யாருக்கும் திறக்கவில்லை. பாடசாலைக் கேற்றுக்கு அந்த வசதி கிடையாது. காலையும் பகலும் திறந்து மூடவேண்டும். இடையில் லொறி வரும், அம்புலன்ஸ் வரும், பிள்ளைகள் தொங்குவார்கள்.

மேற்பூச்சு விடயத்தில் கலைஞருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. துரு நிறம் அப்படியே தெரியவேண்டும். செம்மண் நிறம், மலை நிறம், ரத்த நிறம் என்று கூட்டத்தில் விளக்கியிருக்கிறார். அவர் முதலில் கேட்டது, மேல்துருவே காப்பாக நிற்கும் கோர்ட்டென் எனப்படும் இரும்பு வகையை. அது கிடைக்காததால் சாதாரண இரும்பையே வெளியில் போட்டுத் துருவேறவிட்டு, மேலே நிறமில்லாத லேக்கர் அடித்தார்கள்.

கூட்டக் குறிப்பில் பாராட்டுரைகள் இரண்டு பக்கம் வருகின்றன. கதவு எத்தனை கிலோ வரும் என்ற கேள்வி ஓரிடத்திலும் இல்லை. வரைபடத்தை அங்கீகரித்தவர்கள் சுவரில் மாட்டும் படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறார்கள்.

பொருத்திய பின் தெரிந்தவை

முதல் முறைப்பாடு துணிதுவைக்கும் பீலியிலிருந்து வந்தது. நம் பாடசாலைச் சீருடை வெள்ளை. கேற்றில் சாய்ந்த பிள்ளையின் முதுகிலும், பிடித்துத் தள்ளிய பிள்ளையின் கைமுட்டியிலும் துருக்கறை. எலுமிச்சம்புளியும் உப்பும் தேய்த்தால் கொஞ்சம் மங்கும், போகாது. “கேட்டுப் பக்கம் போகாதேன்னா, எது வழியாத்தான் போறது?” என்று ஒரு தாய் வகுப்பாசிரியையிடம் கேட்டிருக்கிறார்.

லேக்கர் தோற்றதற்குக் காரணம் எளிது. துருவின் மேல் அடித்த பூச்சு இரும்பைப் பிடிப்பதில்லை, துருவைத்தான் பிடிக்கும். அடியில் ஈரம் இருக்கும்வரை துரு வளர்ந்துகொண்டே போய்ப் பூச்சைச் செதிலாகத் தள்ளிவிடும். கோர்ட்டெனே கிடைத்திருந்தாலும் இங்கே கைகொடுத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அந்த இரும்பு நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்துதான் தன் மேல் இறுக்கமான துருப்படலம் போர்த்திக்கொள்ளும். மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரைக்கும் மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் மேற்குச் சரிவில் காய்வதற்கு நேரம் ஏது? ஈரத்திலேயே கிடந்தால் அதுவும் சாதாரண இரும்பைப்போல் அரித்துக்கொண்டே போகும்.

பித்தளை பொருத்திய இடங்களில் வேறொரு சிக்கல். பித்தளையும் இரும்பும் ஒட்டிக்கிடந்து நடுவில் ஈரமும் நின்றால் இரும்பு வேகமாகக் கரையும். இங்கே பித்தளை சிறிது, இரும்பு பெரிது என்பதால் சேதம் முழுக்கப் பரவவில்லை. ஆனால் தோட்டின் ஓரத்தைச் சுற்றி இரும்பு செதில்செதிலாக உரிந்து, பெண்ணின் காதுக்குக் கீழே கறுப்பாக வடிந்திருந்தது.

இரண்டாவது முறைப்பாடு வாச்சருடையது. கதவு தரையில் உரசுகிறது. முதல் மாதத்தில் தூக்கித் தள்ளினார். பிறகு அலவாங்கை அடியில் கொடுத்து நெம்பினார். பிறகு ஒரு கதவைத் திறப்பதையே விட்டுவிட்டார்; பிள்ளைகள் ஒற்றைக் கதவின் இடுக்கில் நெருக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

மூன்றாவது விடயத்தை யாரும் முறைப்பாடாகக் கொண்டுவரவில்லை. காலையில் கதவு விரியும்போது நடுவிலிருக்கும் பெண் நெற்றியிலிருந்து பாதம் வரை இரண்டாகப் பிரிவாள். பிள்ளைகள் அதை விளையாட்டாக்கிவிட்டார்கள். “அம்மாவப் பொளந்தாச்சு, மணி அடிக்கப் போறாங்க, ஓடு!” படத்தில் மூடிய கேற் மட்டுமே வரையப்பட்டிருந்தது. திறந்த கேற் எப்படி இருக்கும் என்று ஒருவரும் வரைந்து பார்க்கவில்லை.

விபத்து

2024 ஜூன், அடைமழை. பகலுணவுத் திட்டத்துக்கு அரிசி ஏற்றிவந்த லொறிக்காக இரண்டு கதவையும் திறக்கவேண்டியிருந்தது. இடக்கதவை வாச்சர் நெம்பியபோது மேல் கீல் தூணிலிருந்து சீமெந்துக் கட்டியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. கதவு முழுதாக விழவில்லை. லொறியின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்றது. அதன் கீழ்மூலை வாச்சரின் காலில் இறங்கியது. லொறி அங்கே நிற்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் விவரிக்கப் போவதில்லை. இடைவேளைக்கு மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

அதிபர் அன்றைக்கே இரண்டு கதவையும் கழற்றிப் படுக்கவைக்கச் சொன்னார். வலக்கதவு நன்றாகத்தானே இருக்கிறது என்று சிலர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. சரியான முடிவு. கழற்றும்போது பார்த்தால் வலக்கதவின் மேல் கீலிலும் ஒட்டில் முடிபோல் வெடிப்பு ஓடியிருந்தது.

என்ன நடந்தது என்று பார்த்தோம்

கழற்றிய கதவைத் தோட்டத்துக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோய், ஒரு முனையாக மாற்றி மாற்றி நிறுத்தோம். சுமார் 190 கிலோ. ஆச்சரியம் எடையில் இல்லை, எடை இருந்த இடத்தில். ஆறடி, அதாவது 1.8 மீற்றர் அகலக் கதவுக்குப் பாரத்தின் நடு 0.9 மீற்றரில் இருக்கவேண்டும். இதிலோ கீலிலிருந்து 1.1 மீற்றரில் இருந்தது. உருவம் வாசலின் நடுவில் நிற்கிறது என்றால் கதவுக்கு அது கடைசி ஓரம். கூடை, முகம், பற்சில்லு என்று கனமான எல்லாமே கீலுக்கு எட்டாத் தொலைவில் போய்ச் சேர்ந்திருந்தன.

மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைத்தூரம் 1.6 மீற்றர். கணக்கு இவ்வளவுதான்: 190 ஐ 1.1 ஆல் பெருக்கி 1.6 ஆல் பிரித்தால் 130 சொச்சம். அதாவது கதவு சும்மா நிற்கும்போதே மேல் கீலை 130 கிலோ பாரம் பக்கவாட்டில் இழுக்கிறது, இரவும் பகலும். 35 கிலோ பையன் ஒருவன் ஓரத்தில் தொங்கி ஊஞ்சலாடினால் மேலும் 39 கிலோ சேரும். ஆடினார்கள் என்பதற்கு வேரின் மேல் தேய்ந்திருந்த சப்பாத்துத் தடமே சாட்சி.

இந்த இழுவை போய்ச் சேர்ந்த தூண் சீமெந்துக் கல் கட்டு. உள்ளே கம்பி இல்லை. அத்திவாரம் ஒன்றரை அடி; மழையில் ஊறிய சரிவு மண். தூண்கள் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருந்ததைத் தூக்குநூல் விட்டுப் பார்த்தோம், வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு. கட்டிய மேசன்பாஸ் கெட்ட வேலை செய்யவில்லை. அவரிடம் சொல்லப்பட்டது தகரக் கதவுக்கு இருந்த தூணைப்போல் கொஞ்சம் பெரிதாக ஒன்று கட்டு என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

வேலையில்லாத நாள் பார்த்துப் பெற்றோர் கூட்டம் வைத்தோம். கீல், தூண், அத்திவாரம் என்று நான் பேசிமுடித்தபோது பின்வரிசையில் ஒரு தாய் எழுந்தார். “சேர் சொல்றதெல்லாம் சரி. எனக்கு வேறொன்னு கேக்கணும். நாங்க கூடையத் தூக்குறதே இதுக வேற வேலைக்குப் போவணும்னுதான். பள்ளிக்கூட வாசல்லயும் கூடையத்தான் மாட்டி வைக்கணுமா?”

சலசலப்பு. அவருக்கு அத்தை முறையான, வேலையிலிருந்து நின்றுவிட்ட ஒருவர் உடனே திரும்பினார். “இந்தக் கூடைலதான் ஒன்னைய வளத்துச்சு ஒங்கம்மா. அதப் பாத்து என்னா வெக்கம்?” “வெக்கம்னு யாரு சொன்னா அத்தே? ஒவ்வொரு படத்துலயும், டீத்தூள் பெட்டிலயும் அதே கூடதான். எம்புள்ள மூஞ்சிய எப்பப் போடப் போறாங்கன்னு கேக்குறேன்.”

இந்தக் கேள்விக்கு ஒரு வருடம் முன்பே இடம் கொடுத்திருக்கவேண்டும். 2023 கூட்டங்கள் எல்லாம் கொழும்பில் வேலைபார்க்கும் பழைய மாணவர்களுக்கு வசதியாகச் சனிக்கிழமை காலைகளில் நடந்தவை. அந்த நேரம் தாய்மார் மலையில் நிற்பார்கள்.

எல்லாரும் அப்பாயி என்று கூப்பிடும் முதியவர் ஒருவர் கடைசியாகப் பேசினார். “கேட்டுன்னா எங்களுக்குத் தொர பங்களா கேட்டுதான். அதுக்கு வெளியதான் நின்னோம், உள்ள என்னா இருக்குன்னே தெரியாது. இது உள்ள தெரியிற மாதிரி இருக்கட்டும். அந்தப் புள்ளையச் சேத்து ஒட்டி ஒரு ஓரமா நிக்க வைங்க. அவ ரோட்டப் பாத்து நிக்க வேணாம், பள்ளிக்கூடத்தப் பாத்து நிக்கட்டும்.”

கலைஞர் அன்று அதிகம் பேசவில்லை. கோபமாகத்தான் போனார் என்று பிறகு அவரே சொன்னார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பழைய கதவையே சரிசெய்யலாமா என்று முதலில் பார்த்தோம். கதவின் ஓரத்தில் சில்லுப் பூட்டுவது ஊர்வழக்கு. தரை மட்டமாக இருந்தால் அது நல்ல வைத்தியம். இங்கே பாதை ஏறுகிறது, சில்லு தரையில் முட்டிக் கதவைத் தூக்கிக் கீலை முறிக்கும். வெளிப்பக்கம் திறக்கவைத்தால் வீதிக்குப் போகும். பக்கவாட்டில் ஓடும் தள்ளுகதவு வைக்கலாம் என்றால் அதற்கு மட்டமான இடம் இல்லை.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தோம். நிற்பது சிற்பம், அசைவது கதவு. வாசலின் இரு பக்கமும் நான்கு நான்கு அடிக்கு மதிலை உடைத்து அசையாத சட்டங்கள் வைப்பது; கனமான உருவங்கள் எதுவாயினும் அங்கே. நடுவில் 10 அடி வாசல், 5 அடி அகலத்தில் இரண்டு மெல்லிய கதவுகள். லொறி வர 10 அடி போதும். இந்தப் பிரிவினையைக் கலைஞர் முதலில் ஏற்கவில்லை. “அப்போ கதவு வெறும் கம்பிதானே? பக்கத்துல பொம்மை வச்ச மாதிரி ஆயிரும்” என்றார். நியாயமான பயம். பக்கத்தில் சிற்பம், நடுவில் கடைக் கேற் என்று முடிந்த வாசல்கள் எத்தனையோ உண்டு.

அவர் அடுத்த முறை வந்தது தேயிலை நிரைகளோடு. மலையைச் சுற்றிப் போகும் சமவரை நிரைகளைக் குறுக்குப் பட்டைகளாக வளைத்திருந்தார். பார்க்க அழகு, எடையும் குறைவு. ஆனால் குறுக்குப் பட்டை என்றால் பிள்ளைக்கு ஏணி. மேலே ஏறி விழுந்தால் பொறுப்பு யார்? ஆசிரியை ஒருவர், மூன்று பிள்ளைகளின் தாய், படத்தைப் பார்த்த கணமே “இதுல எம்மகன் ரெண்டு நிமிசத்துல உச்சில நிப்பான்” என்றார். குறுக்கு வேண்டாம், நெடுக்குக் கம்பி மட்டும். இடைவெளி 100 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, தலை நுழையாதபடி. இதில் இனி மாற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்தோம்.

அந்தக் கட்டுப்பாட்டிலிருந்துதான் நல்ல யோசனை பிறந்தது. எல்லாக் கம்பியும் நேர் நெடுக்கு. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முழங்கை வளைவு. அந்த வளைவு ஒவ்வொரு கம்பியிலும் வெவ்வேறு உயரத்தில் வரும். தள்ளி நின்று பார்த்தால் வளைவுகள் சேர்ந்து ஒரு மலைமுகடாகத் தெரியும். கால்வைக்க இடமில்லை, உள்ளே தெரிகிறது, கூடுதல் எடை எதுவும் இல்லை. கதவு திறந்தால் முகடு நடுவில் பிரியும். மலை பிரிவதில் யாருக்கும் வலிக்கவில்லை.

எந்த முகடு என்பதில் விவாதமே எழவில்லை. மேல்மாடி வகுப்பு ஜன்னலில் பார்த்தால் தெரிவது. வானம் வெளுத்த நாளில் அதன் ஓரத்தில் சிவனொளிபாதமலையின் கூம்பு, 2,243 மீற்றர், நிற்கும். தரம் 10 மாணவர்கள் ஜன்னல் கண்ணாடியிலேயே மார்க்கரால் கோடு இழுத்து, அதைத் தாளில் படியெடுத்தார்கள். ஒவ்வொருவரும் நின்ற உயரத்துக்கு ஏற்பக் கோடு மாறியது. கடைசியில் ஒரு மேசையில் நாடியை ஊன்றிக்கொண்டு எல்லாரும் ஒரே கண்மட்டத்தில் வரையவேண்டும் என்று கணித ஆசிரியர் தீர்த்துவைத்தார்.

செய்த விதம்

மண்டபத்துச் சீமெந்துத் தரையில் கேற்றை முழு அளவில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்தோம். 16 மில்லிமீற்றர் உருண்டைக் கம்பி, ஒரு கதவுக்குப் பதின்மூன்று. வளைவுகளைப் பட்டறையில் குளிராக வளைத்துப் பார்த்தபோது முழங்கை உருண்டையாக வந்தது, முகடு மழுங்கிப் போனது. கவ்வாத்துக் கத்தி அடித்துத் தரும் ஆசாரியிடம் போனோம். அவர் கம்பியை உலையில் செம்மஞ்சள் நிறம் வரும்வரை வைத்து, பட்டடையின் விளிம்பில் கிடத்தி, சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டுவார். விளிம்பு கூராக விழும். பிறகு சூடு ஆறுமுன் தரைக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, “இன்னும் ஒரு நூல்” என்பார். கலைஞர் அவரை “ஆசாரிண்ணே” என்று கூப்பிட்டபடி சுண்ணாம்புக் கோட்டை அழித்து அழித்து வரைந்தார். வரைபடம் இரும்புக்கு இறங்கிவந்ததா, இரும்பு வரைபடத்துக்கு ஏறிப்போனதா என்று சொல்ல முடியாத வேலை அது.

கதவு ஒன்று பூட்டுத் தாழ்ப்பாள் எல்லாம் சேர்ந்து சுமார் 70 கிலோ. பாரத்தின் நடு 0.75 மீற்றரில், கீல்களின் இடைத்தூரம் 1.7 மீற்றர். மேல் கீலில் இழுவை 31 கிலோ. முன்பு 130.

தூணுக்கு 100 மில்லிமீற்றர் சதுர இரும்புக் குழாய். மூன்றடி ஆழத்தில் கொங்கிரீட். அதைவிட முக்கியம், இரண்டு தூணின் அத்திவாரத்தையும் பாதைக்கு அடியால் ஒரு கம்பிக்கட்டுக் கொங்கிரீட் வளையால் (பீம்) இணைத்தது. கதவுகள் தூண்களை உள்நோக்கி இழுக்கும்போது அந்த வளை இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிப் பிடிக்கும். கீழ்க் கீலில் வழக்கமாகத் தரையில் ஒரு கிண்ணம் வைத்து அதற்குள் முளையை இறக்குவார்கள். கிண்ணத்தில் மழைநீரும் மணலும் சேர்ந்து ஒரே ஆண்டில் தின்றுவிடும். இங்கே தலைகீழாக, தரையிலிருந்து முளை நிமிர்ந்து நிற்கும், கிண்ணம் கதவில் கவிழ்ந்திருக்கும். உள்ளே ஏறும் பாதையைக் கதவு சுழலும் அரைவட்டம் வரை வெட்டி மட்டமாக்கி, ஓரத்தில் வடிகான் போட்டோம்.

துருவுக்கு நாகமுலாம் என்று தீர்மானித்தோம், அதாவது உருகிய நாகத்தில் (சிங்க் உலோகத்தில்) முக்கியெடுப்பது. கொழும்புப் பக்கத்து ஆலைக்கு லொறியில் கினிகத்தேன, கித்துல்கல, அவிசாவளை வழியாக இறக்கினோம். ஆலைக்காரர்கள் சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நான்கு பக்கமும் மூடி ஒட்டிய குழாய்க்குள் காற்றும் ஈரமும் அடைபட்டிருக்கும்; சுமார் 450 பாகை நாகத்தில் இறக்கினால் வெடிக்கும். மூலைக்கு மூலை துளையிட்ட பிறகே எடுத்தார்கள். துளையை முதலிலேயே வரைபடத்தில் போட்டிருந்தால் ஒரு லொறிக்கூலி மிஞ்சியிருக்கும்.

இதற்கிடையில் தற்காலிகமாகப் பழைய தகரக் கதவை மீண்டும் நிறுத்தினோம். அதன் குழாய் நாகம் பூசியது. மழைக்காக ஒட்டுவேலைக்காரத் தம்பி கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டியிருக்கிறார். இரவு குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல். மழைக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். வைத்தியர் என்ன வேலை செய்தாய் என்று கேட்ட பிறகே நாகப்புகை என்று தெரிந்தது. ஒட்டிச் சில மணிநேரம் கழித்து வரும், ஓரிரு நாளில் விடும். பட்டறைகளில் இதற்குப் பால் குடி என்பார்கள். பால் புகையைத் தடுக்காது. நாகத்தைச் சுரண்டிவிட்டு, காற்றோட்டத்தில் ஒட்டுவதுதான் வழி. புதிய கேற்றில் ஒட்டுவேலை எல்லாம் முடித்த பிறகே நாகமுலாம் என்று வரிசை வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறம் பற்றிக் கலைஞர் விட்டுக்கொடுக்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் தேவைப்படவில்லை. துருவுக்குப் பதில் துரு நிறப் பெயின்ற். நாகத்தின் மேல் நேரே எனமல் அடித்தால் எண்ணெய்ப் பூச்சும் நாகமும் சேர்ந்து சவர்க்காரம்போல் ஒரு படலமாகி உரிந்துவிடும் என்பதால், முதலில் நாகத்துக்கென்றே உள்ள எபொக்சி அடிப்பூச்சு. இப்போது சாய்ந்தாலும் சட்டை வெள்ளையாகவே இருக்கிறது.

கொழுந்தெடுக்கும் பெண்ணின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டி இடப்பக்க அசையாச் சட்டத்தில் நிறுத்தினோம். கண், மூக்கு, மூக்குத்தி ஆகியவை ஒரு பக்கத்தில்தான் செதுக்கப்பட்டிருந்தன. அந்தப் பக்கம் பாடசாலையைப் பார்க்கிறது. வீதியிலிருந்து பார்ப்பவருக்குக் கூடை தெரியும், முகம் தெரியாது. பித்தளைக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர் வளையம் கொடுத்து, நீர் தேங்காதபடி சற்றுத் தூக்கிப் பூட்டினோம். முகத்தின் நடுவே ஒட்டுத் தழும்பை அரைத்து மறைக்கவேண்டாம் என்றார் கலைஞர். மறைக்கவில்லை.

பிறகு நடந்தவை

புதிய கேற் 2025 தென்மேற்குப் பருவமழை முழுவதையும் தாண்டிவிட்டது. மழைக்குப் பிறகு தூக்குநூல் விட்டுப் பார்த்தோம், தூண்கள் அசையவில்லை. வாச்சர் விரல் குணமாகி வேலைக்குத் திரும்பியிருக்கிறார். கேற்றைப் பற்றி அவர் எதுவும் சொல்வதில்லை, ஒற்றைக் கையால் திறந்துவிட்டுப் போகிறார்.

எல்லாருக்கும் திருப்தி என்று எழுதினால் பொய். ஞாயிறு கூட்டத்தில் கேள்வி கேட்ட தாய்க்குக் கூடை அங்கே நிற்பது இன்னும் பிடிக்கவில்லை. “திருப்பி வச்சாலும் கூடதான் சேர்” என்கிறார். வலப்பக்க அசையாச் சட்டம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அதில் என்ன வரவேண்டும் என்பதை அவரும் இன்னும் நான்கு தாய்மாரும் உள்ள குழு தீர்மானிக்கும் என்று சங்கம் எழுதிவைத்திருக்கிறது. பழைய மாணவர் சங்கத்தில் சிலருக்கு முதல் கேற் போனதில் வருத்தம். அதன் படம்தான் அவர்களுடைய அழைப்பிதழ்களில் இன்னும் வருகிறது.

ஓகஸ்டில் தரம் இரண்டுப் பிள்ளையொன்றின் விரல் கீல்ப்பக்க இடுக்கில் நசுங்கியது. எலும்புக்கு ஒன்றும் இல்லை, நகம் கறுத்தது. ஓரத்துக் கம்பிக்கும் தூணுக்கும் இடைவெளி கதவு மூடும்போது குறுகுகிறது. தலை நுழையும் இடைவெளியைப் பார்த்துப் பார்த்துக் கணக்கிட்ட குழு விரல் நுழையும் இடைவெளியைக் கவனிக்கவில்லை. தேயிலை ஆலையின் பழைய பட்டி ரப்பரை வெட்டி அந்த இடுக்கை மூடியிருக்கிறோம்.

இனிச் செய்வதானால்

வரைபடத்தோடு எடையும் பாரத்தின் நடுவும் எழுதப்படாமல் எந்தக் கேற்றையும் அங்கீகரிக்கக்கூடாது என்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. பட்டறைக்காரர் யாரும் ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய கணக்கு அது: 4 மில்லிமீற்றர் தகடு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 31 கிலோ. மூடிய கேற்றுக்கு ஒரு படம், திறந்த கேற்றுக்கு ஒரு படம், பக்கவாட்டில் நிலத்தின் சரிவுக்கு ஒரு படம். தினமும் திறப்பவர் முதல் கூட்டத்திலேயே இருக்கவேண்டும். தாய்மார் வரக்கூடிய நாளில்தான் கூட்டம்.

செலவில் நாகமுலாமும் போக்குவரத்தும் ஏறத்தாழக் கால்பங்கைத் தின்றன. மலையகத்தில் திறந்த வெளியில் இரும்பு வைப்பவர்கள் அதை முதல் வரியில் எழுதிக்கொள்வது நல்லது. நன்கொடை தருபவர்கள் பூச்சுக்குக் காசு தர விரும்புவதில்லை, உருவத்துக்குத்தான் தருவார்கள்.

பராமரிப்புக்குப் பணம் இன்னும் ஒதுக்கப்படவில்லை. கீலுக்குக் கிறீஸ், கீறல் விழுந்த இடத்துக்கு நாகப் பெயின்ற், இவ்வளவுதான் தேவை. ஆனால் பாடசாலைக் கணக்கில் கேற் பராமரிப்பு என்று ஒரு வரி இல்லை. வலயக் கல்விப் பணிமனைக்கு அதிபர் கடிதம் எழுதியிருக்கிறார். பதில் வரும்வரை ஜனவரி வெயிலில் செய்யவேண்டிய வேலையைச் சங்கம் கைக்காசில் செய்யும். கிறீஸ் டின் வாச்சரின் அறையில் இருக்கிறது.